வாடகையை நிறுத்தி வைத்தால் வீடு கிடைக்குமா?



செமினி வட்டாரத்தில் ஒரு தோட்டத்திற்கு நாங்கள் போயிருந்தோம். லயத்து வாசலில் பலகை போட்டு உட்கார வைத்து, காப்பி கலந்து கொடுத்த ஓர் அம்மா, தம் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மகன் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். சம்பளம் 1,900 வெள்ளி. தங்கியிருப்பதோ ஓர் அடுக்குமாடி வீட்டில் பலகை தடுத்த அறை, சன்னல் கிடையாது. போன ஆண்டு 500 வெள்ளியாக இருந்த வாடகை இந்த ஆண்டு 650 ஆகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பி வந்த பணம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

அந்த அம்மா கேட்டார்: "ஏங்க ஐயா, அரிசிக்கும் சீனிக்கும் அரசாங்கம் விலை போட்டு நிறுத்தி வைக்கிறதே. வாடகைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு சட்டம் போட்டால் என்ன?"

நியாயமான கேள்வி. இதற்கு நாம் சொல்லக்கூடிய முதல் பதில், அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் இருந்தது என்பதே. ஓராண்டு ஈராண்டு அல்ல, அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அது பட்டணத்துச் சட்டம். தோட்டத்து வாசலுக்கு வரவில்லை. ஆகவே நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சட்டம் யாருக்கு உதவியது, யாரை வெளியே நிறுத்தியது, கடைசியில் எப்படி முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த அம்மாவின் கேள்விக்கு நாமே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

வாடகைக் கட்டுப்பாடு என்பது எங்கேயும் பஞ்ச காலத்தில் பிறக்கிற பிள்ளை. முதல் உலகப் போர் நடந்தபோது, ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஆட்கள் வந்து குவிந்தார்கள். வீடு கட்ட ஆள் இல்லை. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்த வீடுகளில் பெண்கள் ஒன்றுகூடி வாடகை கட்ட மறுத்தார்கள். மேரி பார்பர் என்னும் அம்மையார் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். அந்த 1915 ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் அரசாங்கம் பணிந்து, போர் தொடங்கிய 1914 ஆகஸ்டு மாதத்து வாடகைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

மலாயாவின் கதையும் அதைப் போன்றதுதான். ஜப்பானியர் காலத்தில் இங்கே வீடு கட்டியவர் யார்? சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன காலம் அது. 1945இல் போர் முடிந்தபோது பட்டணங்களில் கட்டடம் குறைவு, ஆட்கள் அதிகம். 1948இல் அவசரகாலம் வந்தது. புறநகரிலும் காட்டோரத்திலும் இருக்கப் பயந்தவர்கள் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். ஒரே கடைவீட்டின் மாடியில் ஆறு குடும்பம், ஏழு குடும்பம் என்று அடைந்து கிடந்தார்கள். வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை என்று விட்டிருந்தால் ஏழைகள் தெருவில்தான் நின்றிருப்பார்கள். ஆகவே வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1956 ஆம் ஆண்டு ஒரு சட்டமாகவும், பிறகு 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற பெயரிலும் அது நிலைபெற்றது.

அந்தச் சட்டத்தின் சாரம் இரண்டு. 1948 ஜனவரி 31ஆம் தேதிக்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்குப் பழைய வாடகையை அடிப்படையாக வைத்து ஓர் உச்சவரம்பு. அந்த வரம்புக்குள் வாடகை கட்டி வருபவரைச் சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. அதற்குப் பின் கட்டிய வீடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இந்தத் தேதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அதனால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய கடைவீடுகளில் பொற்கொல்லர், முடிதிருத்துவோர், பூக்கட்டுவோர், அச்சுக்கூடக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் எனச் சிறு வருமானக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து தொழில் செய்ய முடிந்தது அதனால்தான். கோயிலும் கடையும் வீடும் ஒரே தெருவில் இருந்தன. பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போனார்கள். அந்தத் தெருக்களின் கலகலப்புக்கு அந்தச் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் வானொலியை மூடிவிடாதீர்கள். மளிகைக் கடைக் கணக்குதான்.

பணவீக்கம் என்று ஒரு சொல்லை அடிக்கடி கேட்கிறோம். அதன் பொருள், பொருள்களின் விலை ஏறுவதால் நம் கையில் உள்ள வெள்ளியின் பலம் குறைகிறது என்பதே. 1973 ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. மலேசியாவில் அந்த ஆண்டு விலைவாசி 10.5 விழுக்காடும், மறு ஆண்டு 1974இல் 17.3 விழுக்காடும் உயர்ந்தது. 1973 தொடக்கத்தில் 100 வெள்ளிக்கு வாங்கிய சாமான்களை 1974 முடிவில் வாங்க 130 வெள்ளி போல் வேண்டியிருந்தது. அந்த நாளில் மளிகைக் கடைப் புத்தகத்தில் கடன் எழுதியவர்களுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும்.

அப்படிப்பட்ட கடுமையான ஆண்டுகள் வராவிட்டாலும், ஆண்டுக்கு 3 விழுக்காடு என்ற மெதுவான ஏற்றம் 24 ஆண்டுகளில் விலையை இரட்டிப்பாக்கும். 50 ஆண்டுகளில் 4 மடங்குக்கும் மேலாக்கும். இப்போது ஒரு பழைய கடைவீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை 30 வெள்ளி என்று நிறுத்தி வைத்தாயிற்று. 50 ஆண்டு கழித்தும் அதே 30 வெள்ளி. தாளில் எண் மாறவில்லை. ஆனால் அந்த 30 வெள்ளிக்கு இப்போது பழைய 7 வெள்ளியின் பலம்கூடக் கிடையாது. சட்டம் வாடகையை நிறுத்தி வைத்தது என்று நாம் சொல்கிறோம்; உண்மையில் பணவீக்கம் அதை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்தது. குடியிருப்பவருக்கு யாரும் கேட்காமலே ஆண்டுதோறும் ஒரு சலுகை. வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லாமலே ஆண்டுதோறும் ஒரு வெட்டு.

வீட்டுக்காரர் என்றதும் தொந்தி பெருத்த பணக்காரர் ஒருவரை நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் கணவர் விட்டுப்போன ஒரே கடைவீட்டை நம்பியிருந்த விதவைகளும் இருந்தார்கள். கோயில் சொத்து, சங்கத்துச் சொத்து, பள்ளிவாசலுக்கு எழுதி வைத்த வக்பு சொத்து என்று தருமத்துக்கு விட்ட கட்டடங்களும் இருந்தன. நகராட்சி வரி ஏறியது. ஓட்டுக்கூரை போடும் ஆளின் கூலி ஏறியது. பலகை விலை ஏறியது. வாடகை மட்டும் ஏறவில்லை. ஒரு முறை கூரை மாற்ற மூன்று நான்கு ஆண்டு வாடகை போதாது என்றால், எவர் மாற்றுவார்? கூரை ஒழுகியது. மாடிப் படி உளுத்தது. சுவரில் ஆலஞ்செடி முளைத்தது. வீட்டுக்காரர், "இடிந்து விழுந்தால் விழட்டும், அப்போதாவது மனை என் கைக்கு வரும்" என்றிருந்தார். குடியிருப்பவர், "எனக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும்" என்றிருந்தார். இருவர் பேச்சிலும் தவறு காண்பது கடினம். மும்பையில் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாடகை உறைந்துபோன பழைய கட்டடங்கள் மழைக்காலத்தில் இடிந்து விழுந்து உயிர்ப்பலி வாங்குவதைச் செய்தித்தாள்களில் நாம் படித்திருக்கிறோம். அங்கேயும் கதை இதேதான்.

அடுத்து, வாடகைக்கும் வீட்டின் உண்மையான மதிப்புக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளி சும்மா கிடக்குமா? தண்ணீர் பள்ளம் தேடுவது போலப் பணம் தன் வழியைத் தேடிக்கொள்ளும். முப்பது வெள்ளி வீட்டில் இருப்பவர் அதை விட்டுப் போக நேர்ந்தால், புதிதாக வருபவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு ஒரு பெருந்தொகை கேட்டார். இதற்குத் தேநீர்க் காசு என்று பெயர். ரசீது கிடையாது. இன்னொரு வழி உள்வாடகை. முதன்மைக் குடியிருப்பாளர் முழு வீட்டுக்கும் 60 வெள்ளி கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மாடியைப் பலகையால் ஆறு அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறைக்கும் 40 வெள்ளி வாங்குகிறார். ஆக 240 வெள்ளி வரவு. சட்டம் யாருக்காக வந்ததோ அந்த ஏழை, அந்தப் பலகை அறையில் இருந்துகொண்டு சட்டத்துக்கு வெளியே வாடகை கட்டினார்.

தோட்டத்திலிருந்து வேலை தேடிப் பட்டணம் போன நம் பிள்ளைகள் இதில் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதைப் பாருங்கள். தேநீர்க் காசு கொடுக்க அவர்களிடம் தொகை இல்லை. பழைய வீடுகளில் இருந்தவர்கள் வெளியேறவும் இல்லை. அவ்வளவு மலிவான இடத்தை விட்டு யார் போவார்கள்? பிள்ளைகளெல்லாம் வேறு ஊருக்குப் போன பிறகும் கிழவனார் ஒருவர் மட்டும் பெரிய வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆகவே புதிதாக வந்தவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே. ஒன்று, 1948க்குப் பின் கட்டிய, கட்டுப்பாடில்லாத வீட்டில் முழு வாடகை. மற்றொன்று, ரயில் பாதை ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு தாமே போட்டுக்கொண்ட குடிசை. கிள்ளான் பள்ளத்தாக்கில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புறம்போக்குக் குடியிருப்புகள் பெருகியதற்கு, தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் விற்கப்பட்டதும் ஒரு காரணம். பட்டணத்தில் அவர்கள் கைக்கு எட்டும் வாடகை வீடு இல்லாதது மற்றொரு காரணம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு வந்தால் புதிய வீடே கட்டமாட்டார்கள் என்று சிலர் பேசுவார்கள். நம் நாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களை மட்டுமே கட்டியது. 1948க்குப் பிந்திய வீடுகளை அது தொடவில்லை. ஆகவே புதிய வீடு கட்டுவதை அது நேரடியாகத் தடுத்தது என்று சொல்வது சரியல்ல. அது செய்யாமல் விட்டது வேறு. அது ஒரு வீட்டைக்கூடக் கட்டவில்லை. இருந்த வீட்டை யார் வைத்துக்கொள்வது என்று மட்டும் தீர்த்து வைத்தது. உள்ளே இருப்பவருக்குக் கதவைத் தாழிட்டுக் கொடுத்தது. வெளியே நிற்பவருக்குக் கதவு இல்லை.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இது புதிய அனுபவமும் அல்ல. லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். வாடகை இல்லை, அல்லது பெயருக்கு ஒரு பிடித்தம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த அதே 1966 ஆம் ஆண்டுதான் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டமும் வந்தது. பிறகு 1990இல் அது புதுப்பிக்கப்பட்டது. அறை எவ்வளவு, குடிநீர் எப்படி என்றெல்லாம் சட்டம் பேசியது. நல்லதே. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. முப்பது நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர் ஓய்வு பெற்றதும், அல்லது தோட்டம் கைமாறியதும், வீடும் கையை விட்டுப் போயிற்று. வாடகை கட்டாத அந்த ஆண்டுகளில் மிச்சமான தொகை சேமிப்பாக நின்றதா என்றால், தோட்டக் கூலியில் அது நிற்கவில்லை. கூலியைக் குறைத்துக் கொடுப்பதற்கு அந்த இலவச வீடே ஒரு சாக்காகவும் இருந்தது என்பது எங்கள் கருத்து.

பிரிக்பீல்ட்ஸிலும் அதுவே நடந்தது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவாகி, செங்கல் சூளைகள் வந்த இடம் அது. பிறகு ரயில்வேயின் ஊர் ஆயிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ரயில்வே ஊழியர்கள் வரிசை வரிசையான குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியிருந்தார்கள். அங்கேயும் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ரயில் பெட்டிகள் நின்ற பெரிய மைதானத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தது. சுற்றிலும் உயர்ந்த மாடிகள் எழுந்தன. பழைய குவார்ட்டர்ஸ் பலவும் இடிந்தன. ரயில்வேக்காரர் குடும்பம் இருந்த இடத்திற்கு அருகில்தான் அந்த அம்மாவின் மகன் இன்று சன்னல் இல்லாத அறைக்கு 650 வெள்ளி கட்டுகிறார்.

எண்ணை நிறுத்தி வைத்துவிட்டுப் பணவீக்கத்தை மறந்துபோகும் இந்தப் பழக்கம் வாடகையோடு நிற்கவில்லை. 1982 ஆம் ஆண்டளவில் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்தார்கள். வீடமைப்புத் திட்டம் போடும் மேம்பாட்டாளர்கள் அதில் ஒரு பகுதியை இந்த விலைக்குக் கட்டித் தர வேண்டும் என்றும் விதித்தார்கள். தொடக்கத்தில் பல தோட்டத்துக் குடும்பங்கள் அதனால் சொந்த வீடு கண்டன. ஆனால் சிமெண்டும் கம்பியும் நிலமும் விலை ஏறிக்கொண்டிருக்க, அந்த 25,000 மட்டும் 1998 வரை அப்படியே நின்றது. நட்டத்திற்குக் கட்டுவதை யாரும் முதல் வேலையாகச் செய்வதில்லை. பங்களா முதலில் எழும், வரிசை வீடு அடுத்து எழும், மலிவு விலை வீடு கடைசி மூலையில், கடைசி ஆண்டில், மெல்லிய சுவரோடு எழும். 1998இல் இடத்தைப் பொறுத்து 42,000 வெள்ளி வரை என்று மாற்றினார்கள். பதினாறு ஆண்டு தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது பழைய வாடகைச் சட்டம் முடிந்த விதத்தைப் பார்ப்போம். 1997இல் அதை நீக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1999 டிசம்பர் 31 வரை இடைக்காலம். அதற்குள் வீட்டுக்காரரும் குடியிருப்பாளரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் வாடகை நடுவர் மன்றத்திற்குப் போகலாம். 2000 ஜனவரி முதல் நாள் விடிந்தபோது கட்டுப்பாடு முழுவதும் போய்விட்டது.

அதிகம் அடிபட்டது பினாங்குதான். அங்கே மட்டும் 12,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் கட்டுப்பாட்டில் இருந்தன. பெரும்பாலும் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில். ஐம்பதாண்டு தூங்கிய வாடகை ஓர் இரவில் எழுந்தது. பல மடங்கு கேட்டார்கள். தகரவேலைக்காரர், ஊதுபத்தி செய்பவர், முடிதிருத்துபவர் எனக் கட்ட முடியாதவர்கள் வெளியேறினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கூடிச் சங்கம் வைத்துக் குரல் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆட்கள் போன பிறகும் பல வீடுகளுக்குப் புதிய குடி வரவில்லை. பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் கூடு விற்கும் வியாபாரத்துக்காக உழவாரக் குருவிகளைக் குடி வைத்தார்கள்! மனிதர் கட்டிய வாடகையைவிடக் குருவிக் கூடு அதிகம் கொடுத்தது போலும். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம் ஆயிற்று. பிறகு தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. சுவர்கள் பிழைத்தன, அந்தச் சுவர்களுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

அப்படியானால் சட்டத்தை நீக்கியது தவறா? வைத்திருந்தது தவறா? நாம் பக்கத்து வீட்டைப் பார்ப்போம். சிங்கப்பூரிலும் போருக்குப் பின், 1947இல் இதே போன்ற வாடகைச் சட்டம் வந்தது. அங்கேயும் பழைய கடைவீடுகள் நெரிசலில் அழுகின. ஆனால் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று ஒன்றை அமைத்தார்கள். முதல் ஐந்தாண்டில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். தொடர்ந்து கட்டிக்கொண்டே போனார்கள். வாடகைக் கட்டுப்பாட்டை முழுதாக நீக்கியது 2001இல்தான். அதற்குள் மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கழகத்தின் வீடுகளில் இருந்தார்கள். ஆகவே கதவு திறந்தபோது தெருவில் நிற்க அங்கே ஆள் அதிகம் இல்லை. பினாங்கில் முதலில் சட்டத்தை எடுத்தார்கள். வீடு பிறகு வரும் என்றார்கள். சிங்கப்பூரில் முதலில் வீட்டைக் கட்டினார்கள். சட்டம் தானே தேவையற்றதாயிற்று. எது முதலில் என்பதில்தான் வேறுபாடு. (சிங்கப்பூரின் நில அளவும் ஆட்சி முறையும் வேறு என்பது நமக்குத் தெரியாதது அல்ல. ஆனால் செங்கல்லும் சிமெண்டும் எங்கும் ஒன்றுதான்.)

நம் நாட்டிலும் அரசாங்கம் கட்டிய வாடகை வீடுகள் உண்டு. மக்கள் வீடமைப்புத் திட்டம் என்ற பி.பி.ஆர். வீடுகளைத்தான் சொல்கிறோம். கோலாலம்பூரில் அந்த மூன்று படுக்கையறை வீட்டுக்குப் பல ஆண்டுகளாக மாதம் 124 வெள்ளி வாடகை. புறம்போக்கிலிருந்து எழுப்பப்பட்ட பல இந்தியக் குடும்பங்களுக்கு அதுவே புகலிடம். இதுவும் ஒரு வாடகைக் கட்டுப்பாடுதான். ஆனால் வீட்டோடு சேர்ந்து வந்த கட்டுப்பாடு. ஆகவே இதை நாங்கள் மதிக்கிறோம். பழைய நோய்கள் இங்கேயும் தலைகாட்டாமல் இல்லை. 124 வெள்ளியில் மின்தூக்கியைப் பழுது பார்க்கப் பணம் போதவில்லை. சிலர் தாம் எடுத்த வீட்டைப் பல நூறு வெள்ளிக்குக் கள்ளத்தனமாக உள்வாடகைக்கு விடுகிறார்கள். காத்திருப்போர் வரிசையோ நீளம்.

செமினிக்குத் திரும்புவோம். இந்த வட்டாரத்தில் வீடு குறைவு என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். காஜாங்கிலிருந்து வரும் சாலையின் இருபுறமும் வீடுகள்தான். ரிஞ்சிங் என்றால் ஒரு காலத்தில் தோட்டம். இன்று பண்டார் ரிஞ்சிங் என்று ஒரு குடியிருப்பு. பால்மரமும் செம்பனையும் நின்ற மேடுகளில் வாயிற்காவலோடு மாளிகை வரிசைகள். 2005இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் இங்கே வந்ததிலிருந்து மாணவர்களுக்கு அறை விடுவதே பலருக்குத் தொழில். அப்படியிருந்தும் தோட்டத்துப் பிள்ளை வாடகைக்குத் திண்டாடுவது ஏன்? வீட்டை எண்ணிக்கையால் மட்டும் எண்ணக் கூடாது. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரர் நுழையக்கூடிய வீடு எத்தனை, அங்கிருந்து வேலைக்குப் போய் வர எத்தனை வெள்ளி, எத்தனை மணி நேரம் என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணினால், பல்லாயிரம் வீடுகள் விற்காமல் கிடக்கும் இந்நாட்டிலேயே வீட்டுப் பஞ்சமும் இருப்பது விளங்கும். ஐந்து லட்சம் வெள்ளி வீடுகள் நூறு நிற்பதால் 400 வெள்ளி வாடகை வீடு ஒன்று பிறந்துவிடாது.

அந்த அம்மாவுக்கு நாங்கள் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம். "அம்மா, எல்லா வாடகையையும் ஒரே எண்ணில் நிறுத்தும் சட்டம் இப்போது வந்தால், உங்கள் மகனுடைய அறை வாடகை நின்றுவிடும். அடுத்த ஆண்டு பட்டணம் போகப் போகிற உங்கள் இளைய மகளுக்கு அறை கிடைக்காது." ஒப்பந்தக் காலத்தின் நடுவில் ஏற்றக் கூடாது, ஏற்றுவதாக இருந்தால் இத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்பன போன்ற அளவான விதிகள் வேறு. அவற்றை நாம் வரவேற்கலாம். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வரைவதாக அரசாங்கம் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறது. அதோடு வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடுகளும் எழ வேண்டும். தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறும் இடங்களில், அங்கே உழைத்த குடும்பங்களுக்கு அந்த நிலத்திலேயே வீடு என்பதை முதல் நிபந்தனையாக்க வேண்டும். கடைசி மூலையில், கடைசி ஆண்டில் அல்ல.

அதுவரை பிள்ளைகள் வாடகைக்குத்தான் இருக்க வேண்டும். ஆகவே சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம். வாய்ப்பேச்சில் அறை எடுக்க வேண்டாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டி முத்திரை பெறட்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டுவது கடினம். வழக்கமாக இரண்டு மாத வாடகையும், நீர் மின்சாரத்திற்கு அரை மாத வாடகையும் முன்பணமாக வாங்குகிறார்கள். அதற்கு ரசீது கேட்க வெட்கப்படக் கூடாது. குடிபோகும் நாளிலேயே சுவரில் உள்ள விரிசல், உடைந்த குழாய் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைத்தால், காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைக்க முடியாது. வாடகை பாக்கி இருந்தாலும்கூட, வீட்டுக்காரர் தாமே பூட்டை மாற்றிச் சாமான்களைத் தெருவில் வைக்க முடியாது. வெளியேற்றுவதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும். இதைப் பலர் அறியாமல் ஓர் இரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

காஜாங்கில் 2017 முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. அந்த அம்மாவின் மகனும் அவருடைய இரண்டு நண்பர்களும் சேர்ந்து காஜாங் பக்கம் ஒரு முழு வீட்டை எடுத்தால் ஆளுக்கு எவ்வளவு வரும், ரயில் கட்டணம் எவ்வளவு என்று ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் நூறு வெள்ளிக்கு மேல் மிச்சம் வந்தது, சன்னலும் வந்தது. "அதிகாலை ஷிஃப்டுக்கு ரயில் இருக்குமா ஐயா?" என்று கேட்டார் அவர். அதுதான் சரியான கேள்வி. மகனையே கேட்டுச் சொல்லச் சொல்லி விடைபெற்றோம்.

தோட்டத்திலிருந்து ஓய்வு பெறுவோர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்குவதைப் பற்றி அடுத்த உரையில் பேசுவோம்.